ஆண்களின் மார்பக வீக்கம்: மறைப்பதே பெரிய ஆபத்து

திருச்செந்தூர் முருகன் கோயிலுக்குச் செல்லும் ஆண்கள், மேல்சட்டையைக் கழற்றிவிட்டே சன்னிதிக்குள் செல்ல வேண்டும் என்பது மரபு. அந்தக் கோயிலிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் பிறந்து வளர்ந்தவன் நான். ஆனால், 13 வயது முதல் 31 வயது வரை ஒருமுறைகூட உள்ளே சென்று வழிபட்டதில்லை. குடும்பத்தோடு போகும்போதெல்லாம் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவலாகக் கடற்கரையிலேயே அமர்ந்துவிடுவேன். ‘சாமி கும்பிடாத பிள்ளை’ என்று வீட்டில் பெயர் வாங்கினேன். உண்மையான காரணத்தைச் சொல்வதைவிட அந்தப் பெயரைச் சுமப்பது எனக்கு எளிதாக இருந்தது.

என் மார்பு மற்ற ஆண்களின் மார்பைப் போலத் தட்டையாக இல்லை என்பதே அந்தக் காரணம். ஆண்களுக்கு மார்பகச் சுரப்பித் திசு வளர்ந்து பெருப்பதை மருத்துவம் ‘கைனகோமாஸ்டியா’ என்கிறது. பெண், மார்பகம் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்து உருவான பெயர் இது. இதற்கான அறுவை சிகிச்சையை நான் செய்துகொண்டு ஓராண்டு நிறைந்துவிட்டது. காயம் ஆறிய கதையை மட்டும் சொல்வதாக இருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே இருந்திருக்காது. அறுவை முடிந்த முதல் இரவில் என்னை ஆபத்தில் தள்ளியது என் உடலைவிட நான் கட்டிக்காத்த ரகசியமே என்பதால்தான் எழுதுகிறேன்.

நோயா, இயல்பா?

பிறக்கும்போதே ஆண்களுக்கும் சிறிதளவு மார்பகச் சுரப்பித் திசு உண்டு. ஈஸ்ட்ரோஜன் பெண்களுக்கு மட்டுமே உரிய ஹார்மோன் என்று நினைக்கிறோம். ஆண்களின் உடலிலும் அது சுரக்கிறது. டெஸ்டோஸ்டிரோனுக்கும் ஈஸ்ட்ரோஜனுக்கும் இடையிலான விகிதம் மாறும்போது, உறங்கிக்கிடக்கும் அந்தத் திசு தூண்டப்பட்டு வளர்கிறது. வாழ்நாளில் மூன்று கட்டங்களில் இது இயல்பாகவே நிகழக்கூடும்.

முதலாவது, பிறந்த சில நாள்களில். தாயின் ஹார்மோன்களால் பச்சிளங்குழந்தையின் மார்பு சற்று வீங்கியிருக்கும். சில வாரங்களில் தானே வடிந்துவிடும். அதைப் பிதுக்கி விடும் வழக்கம் நம்மிடையே இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அது தொற்றையும் சீழ்க்கட்டியையும் உண்டாக்கும் என்பதால் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். இரண்டாவது, பருவமடையும் வயது. ஏறத்தாழப் பாதிச் சிறுவர்களுக்கு ஏதேனும் ஓர் அளவில் இந்த வீக்கம் வருகிறது. பெரும்பாலானோருக்கு ஆறு மாதங்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் மறைந்துவிடுகிறது. மூன்றாவது, முதுமை.

இயல்புக்கு அப்பாற்பட்ட காரணங்களும் உண்டு. கல்லீரல் சுருக்கம், சிறுநீரகச் செயலிழப்பு, தைராய்டு மிகைச் சுரப்பு, விதைப்பைக் கட்டிகள், பிறவியிலேயே அமைந்த குரோமோசோம் மாறுபாடுகள் ஆகியவை அவற்றுள் சில. இதய நோயாளிகளுக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும் தரப்படும் ஸ்பைரனோலாக்டோன், மனநலச் சிகிச்சையில் பயன்படும் ரிஸ்பெரிடோன், புராஸ்டேட் சிகிச்சைக்கான சில மருந்துகள் ஆகியவற்றின் பக்கவிளைவாகவும் இது வரலாம். அதற்காக இந்த மருந்துகளைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது; மருத்துவரிடம் சொன்னால் மாற்று வழி உண்டு. உடலை முறுக்கேற்றுவதற்காக உடற்பயிற்சிக் கூடங்களில் ரகசியமாகக் கைமாறும் ஸ்டீராய்டு ஊசிகள் இன்னொரு முக்கியக் காரணம். ஆண்மையைப் பெருக்கிக்கொள்ளச் செலுத்தப்படும் அந்த ஹார்மோனின் ஒரு பகுதியை உடல் ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது.

உடல் பருமனால் மார்பில் கொழுப்பு மட்டும் சேர்வது இதிலிருந்து வேறானது. எடை குறைந்தால் அது குறையும்; சுரப்பித் திசு குறையாது. இந்த வேறுபாடு தெரியாமல் நான் ஏழு ஆண்டுகள் தண்டால் எடுத்தேன். மார்புத் தசை வளர்ந்து, அதன் மேலிருந்த சுரப்பியை முன்னுக்குத் தள்ளியதுதான் கண்ட பலன். ஓராண்டுக்கு மேல் நீடித்த சுரப்பித் திசு நார்த்தன்மை அடைந்துவிடுவதால், அதன் பிறகு மாத்திரைகளும் பெரிதாக உதவுவதில்லை. இதையெல்லாம் 13 வயதில் ஒரு மருத்துவர் எனக்குப் பத்து நிமிடங்களில் விளக்கியிருக்கக்கூடும். ஆனால், அவரிடம் போக வேண்டுமானால் முதலில் அப்பாவிடம் சொல்ல வேண்டுமே!

கத்திக்கு முன்

இந்த அறுவை நவீன காலத்தின் ஒப்பனை மோகம் என்று எண்ணுவோர் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் ஏஜினாவின் பால், ஆணின் மார்பகத்தைப் பிறைவடிவில் கீறித் திசுவை அகற்றும் முறையைத் தம் மருத்துவ நூலில் விவரித்திருக்கிறார். இன்றைய முறையில், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் விளிம்பில் சிறிய அரைவட்டக் கீறல் போட்டுச் சுரப்பியை எடுக்கிறார்கள்; சுற்றியுள்ள கொழுப்பை மெல்லிய குழாய் மூலம் உறிஞ்சி எடுக்கிறார்கள். தோலின் நிறம் மாறும் எல்லையிலேயே தழும்பு அமைவதால், காலப்போக்கில் அது கண்ணில் படாமல் போகிறது. சுரப்பி முழுவதையும் எடுப்பதில்லை. காம்புக்கு அடியில் மெல்லிய ஒரு வட்டை விட்டுவைக்கிறார்கள். இல்லாவிட்டால் அந்த இடம் குழிந்துவிடும்.

என் மருத்துவர் உடனே தேதி குறிக்கவில்லை. விதைப்பைப் பரிசோதனை, கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, ஹார்மோன் அளவுகளுக்கான ரத்தப் பரிசோதனைகள், ஸ்கேன் ஆகியவற்றை முடித்த பிறகே ஒப்புக்கொண்டார். ‘எல்லாம் சரியாக இருக்கிறது. இது உங்களுக்கு உடல்ரீதியாகத் தீங்கு செய்யாது. செய்துகொள்ளாமலும் வாழலாம், முடிவு உங்களுடையது’ என்றார். ஒப்பனை அறுவை என்று சொல்லி மருத்துவக் காப்பீடு கைவிரித்தது. ஐந்து மாதச் சேமிப்பைக் கரைத்துப் பணத்தைக் கட்டினேன்.

‘உடன் இருப்பவர் யார்?’ என்று மருத்துவமனையில் கேட்டார்கள். அறைத் தோழன் ஒருவன் கையெழுத்திட்டான். ஊரில் அம்மாவிடம் அலுவலகப் பயிற்சிக்காகப் பெங்களூரு செல்வதாகச் சொல்லியிருந்தேன்.

முதல் இரவு

காலையில் முழு மயக்கத்தில் அறுவை முடிந்தது. மாலையில் இறுக்கமான அழுத்த உடை அணிவித்து, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வடிகுழாய்களோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். தோழன் என்னை அறையில் விட்டுவிட்டு இரவுப் பணிக்குப் போய்விட்டான். ‘போய் வா, எனக்கு ஒன்றுமில்லை’ என்று அனுப்பியதும் நான்தான்.

இரவு 11 மணிக்கு மேல் இடப்பக்கம் மட்டும் கனத்தது. வலி இரு பக்கமும் சமமாக இருந்தவரை கவலையில்லை. இப்போது இடப்பக்க வலி மட்டும் ஏறிக்கொண்டே போனது. தொட்டால் கல்போல இருந்தது. அந்தப் பக்கத்துக் குழாய்ப் புட்டியில் ரத்தம் விரைவாக நிறைந்தது. அறுவைக்குப் பிந்தைய முதல் ஒன்றிரண்டு நாள்களில் உள்ளே ரத்தம் கசிந்து கட்டிக்கொள்வது, இந்தச் சிகிச்சையில் நன்கு அறியப்பட்ட சிக்கல். ‘ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினால் நேரம் பார்க்காமல் அழையுங்கள்’ என்று என்னிடம் சொல்லியும் இருந்தார்கள்.

ஆனாலும் நான் அழைக்கவில்லை. நள்ளிரவில் ஆட்டோ வந்து நின்றால் கீழ்த்தளத்து வீட்டுக்காரர் விழித்துக்கொள்வார், என்ன ஆயிற்று என்று கேட்பார், பதில் சொல்ல வேண்டிவரும். அதற்கு அஞ்சியே மூன்றரை மணி நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். எழுந்தபோது தலை சுற்றிச் சுவரில் சாய்ந்த பிறகே தொலைபேசியை எடுத்தேன். உடனே வரச் சொன்னார்கள். மீண்டும் அறுவை அரங்கு. கட்டிய ரத்தத்தை அகற்றிக் கசிந்த நாளத்தை அடைக்க வேண்டும். உறவினர் ஒருவர் வந்தே ஆக வேண்டும் என்றார்கள்.

தாம்பரத்தில் அப்பாவின் அக்கா இருக்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கு அத்தையை அழைத்தேன். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வியும் இல்லாமல் வந்து சேர்ந்தார்.

அத்தைக்குத் தெரிந்த மருத்துவம்

ஆறு ஆண்டுகளுக்கு முன் புற்றுநோய்க்காக ஒரு மார்பகத்தை அகற்றிக்கொண்டவர் அத்தை. மறுநாள் என் படுக்கையருகே அமர்ந்து அவர் சொன்னது இதுதான்: “இதுக்காய்யா மறைச்ச? எனக்கு எடுத்தப்ப ஊருக்கே தெரியும்லா.”

அடுத்த பதினைந்து நாள்கள் அவர் வீட்டில்தான் இருந்தேன். வடிகுழாயைக் கசக்காமல் எப்படிச் சட்டைக்குள் பொருத்துவது, புட்டியில் சேரும் நீரைத் தினமும் அளந்து நோட்டில் குறிப்பது எப்படி, எந்தப் பக்கம் எத்தனை தலையணை வைத்தால் சாய்ந்தபடி உறங்கலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தலைவழியே போடும் பனியன்களை ஒதுக்கிவிட்டு, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைகளை மாமாவின் அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தார். வடியும் நீர் குறைந்ததும் ஐந்தாம் நாள் குழாய்களை எடுத்தார்கள்.

இந்த அறுவையிலிருந்து மீள்வோர் எதிர்பார்க்க வேண்டியவற்றை என் நோட்டிலிருந்தே சொல்கிறேன். முதல் வாரத்தில் கைகளைத் தோளுக்கு மேல் உயர்த்தக் கூடாது. வாளித் தண்ணீரையோ தண்ணீர் கேனையோ தூக்கக் கூடாது. மல்லாந்தே உறங்க வேண்டும். மார்பில் தொடங்கிய கன்றல், புவியீர்ப்பில் இறங்கி வயிறுவரை ஊதா, பச்சை, மஞ்சள் என நிறம் மாறியபடி பரவும். அஞ்ச வேண்டியதில்லை, இரண்டு மூன்று வாரங்களில் மறைந்துவிடும். அமர்ந்து செய்யும் வேலைக்குப் பலரும் ஒரு வாரத்தில் திரும்பிவிடுகிறார்கள். இரண்டாம் அறுவையால் எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின. வேகத்தடைகள் நிறைந்த நம் சாலைகளில் இருசக்கர வாகனத்தை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். ஒவ்வொரு குலுக்கலும் தையலில் தெரியும். பளு தூக்குவதும் தண்டாலும் ஆறு வாரங்களுக்குப் பிறகு, மருத்துவர் அனுமதித்தால் மட்டுமே.

அழுத்த உடையை நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஏறக்குறைய நாள் முழுவதும் அணியச் சொல்கிறார்கள். வீக்கத்தைக் கட்டுப்படுத்தவும், தோல் அடித்தசையோடு ஒட்டிக்கொள்ளவும், உள்ளே நீர் கோத்துக்கொள்ளாமல் தடுக்கவும் அது தேவை. சென்னை வெயிலில் அது சிறிய தண்டனைதான். இரண்டு உடைகள் வாங்கி மாற்றி மாற்றித் துவைத்து உடுத்தாவிட்டால் வேர்க்குரு படைத்துவிடும். புகைப்பவர்கள் அறுவைக்குச் சில வாரங்கள் முன்னும் பின்னும் அதைக் கைவிட வேண்டும். நிகோட்டின் ரத்த நாளங்களைச் சுருக்கித் தோலுக்குச் செல்லும் ரத்தத்தைக் குறைக்கிறது.

எவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாதது மனநிலையைப் பற்றித்தான். நான்காம் நாள் கண்ணாடியில் பார்த்தபோது, வீக்கத்தால் மார்பு முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது. இதற்கா இத்தனை பாடு என்று உடைந்துபோனேன். மூன்றாம் வாரத்தில் காம்புக்குக் கீழே கட்டிகட்டியாகத் தட்டுப்பட்டது. சுரப்பி மீண்டும் வளர்கிறதோ என்று பதறினேன். அது ஆறும் புண்ணின் தழும்புத் திசு என்றார் மருத்துவர். பல வாரங்கள் அந்த இடம் மரத்திருந்தது. பிறகு நரம்புகள் உயிர்பெறும்போது சுரீர் சுரீர் என்று மின்னல் வெட்டுவதுபோல் வலித்தது. மார்பின் உண்மையான வடிவம் புலப்பட மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். தழும்பு முதிர்ந்து மங்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். முதல் மாதத்தில் கண்ணாடி சொல்வதை நம்ப வேண்டாம்.

அகற்றிய திசுவை ஆய்வுக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வந்த நாளில் அத்தைதான் என்னைவிடப் பதற்றமாக இருந்தார். புற்று இல்லை என்று தெரிந்ததும் அடுப்படிக்குப் போய்விட்டார். சற்று நேரம் வெளியே வரவில்லை.

அவமானத்தின் வேர்

ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும். மொத்த மார்பகப் புற்றுநோய்களில் அது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்றாலும், மார்பைப் பற்றிப் பேச ஆண்கள் கூசுவதால் தாமதமாகக் கண்டறியப்படும் ஆபத்து இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கெட்டியான வலியற்ற கட்டி, காம்பிலிருந்து ரத்தக் கசிவு, காம்பு உள்வாங்குதல், தோலில் குழி விழுதல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது? பள்ளியில் என்னைச் சொல்லிச் சிரித்த ஒவ்வொரு சொல்லும் ஒரு பெண்ணின் பெயராகவோ பெண்ணுடலின் உறுப்பாகவோதான் இருந்தது. பெண்ணைப் போல் இருப்பது இழிவு என்ற எண்ணம் வேரில் இல்லாவிட்டால், அந்தச் சொற்கள் எப்படி வசையாக முடியும்? அந்த வசையை நானும் நம்பினேன். அதனால்தான் உடலில் ஓர் உறுப்பையே இழந்து தலைநிமிர்ந்து நடமாடிய அத்தை அருகிலிருந்தும், 18 ஆண்டுகள் அவரிடம் வாய் திறக்க எனக்குத் தோன்றவில்லை.

எல்லோரும் அறுவை செய்துகொள்ள வேண்டும் என்பதல்ல என் வாதம். பதின்வயதுச் சிறுவர்களில் பெரும்பாலோருக்குத் தேவை காத்திருத்தலும் தைரியச் சொல்லும்தான். மற்றவர்களில் பலருக்கு அது தேவையே படாது. தேவைப்படுவோர் விளம்பரங்களை நம்பி அழகு நிலையங்களை நாடாமல், தகுதிபெற்ற பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரிடம் செல்ல வேண்டும். சென்னை ஸ்டான்லி உள்ளிட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இத்துறைகள் இருக்கின்றன. ஆலோசனையை அங்கேயே தொடங்கலாம்.

செய்ய வேண்டியவை சில உண்டு. வளரிளம் பருவத்து மாற்றங்கள் பற்றிச் சிறுமிகளுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டோம். சிறுவர்களுக்கும் சொல்ல வேண்டும். பள்ளி உடல்நலப் பரிசோதனையில் சட்டையைக் கழற்றத் தயங்கும் சிறுவனைத் தனியே அழைத்து ஆசிரியர் ஒருவர் பேசினால் போதும், பல ஆண்டுத் துயரம் தவிர்க்கப்படும். அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் அறிவுரைத் தாள் எனக்கு ஆங்கிலத்தில்தான் கிடைத்தது. ஆபத்தின் அறிகுறிகளையாவது தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, நோயாளியோடு உடனிருப்பவரிடமும் கொடுக்க வேண்டும். உடனிருப்பவர் என்பது கையெழுத்துக்கான சம்பிரதாயம் அல்ல. முதல் இரண்டு இரவுகள் விழித்திருக்க வேண்டிய மனிதர்.

ஏழாம் மாதம் அம்மாவுடன் திருச்செந்தூருக்குப் போனேன். அதற்குள் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சட்டையைக் கழற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றேன். எல்லாக் கண்களும் என் மீது விழப்போகின்றன என்று நினைத்திருந்தேன். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற பெரியவரின் மார்பு, அறுவைக்கு முன்பிருந்த என் மார்பைவிடப் பெரியது. அவர் பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு, சன்னிதியை எட்டிப் பார்த்தபடி நின்றிருந்தார்.

இந்தக் கட்டுரையை மறைத்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கும் இளைஞர் யாரேனும் இருக்கக்கூடும். அவருக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: அறுவை செய்துகொள்வதா, வேண்டாமா என்பதைப் பிறகு முடிவுசெய்யலாம். முதலில் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.